வீட்டுத் தச்சுப் பட்டறை: எந்தக் கருவியை முதலில் மாற்றுவது?

கார் ஷெட்டிலோ மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலோ 10-க்கு 12 அடி இடம். ஒரு ட்ரில், ஒரு சர்குலர் சா, நாலைந்து உளி, ஓர் இழைப்புளி. இரண்டு ஸ்டூலும் ஒரு புத்தக அலமாரியும் செய்து முடித்தாயிற்று, கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. அடுத்து டேபிள் சா (மேசைக்கு நடுவே பிளேடு நிற்கும் அறுப்பு மெஷின்) வாங்குவதா, பிளேனர் (பலகையை இழைக்கும் மெஷின்) வாங்குவதா? பெரும்பாலானவர்களுக்கு இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். வேலை கெட்டதற்கு மெஷினைக் குறை சொல்வோம். கிட்டப்போய்ப் பார்த்தால் மழுங்கிய பிளேடும் சாணை பிடிக்காத உளியும்தான் காரணமாக இருக்கும். பணத்தை எந்த வரிசையில் இறக்கினால் வீணாகாது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். விலைகள் எல்லாம் தோராயம்தான். கடைக்குக் கடை மாறும்.

1. கடைசியாகச் செய்த மூன்று பொருட்களைச் சோதியுங்கள்

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நீங்கள் செய்த பொருட்களின் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே குறை, எங்கே நேரம் போனது என்று எழுதுங்கள். குறை எந்த வகை என்று தெரிந்தால் எதை வாங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பிளைவுட் ஓரம் சிலாம்பு எடுத்திருக்கிறதா? அது பிளேடின் கோளாறு. அலமாரி நான்கு மூலையிலும் சதுரமாக நிற்கவில்லையா? மூலைமட்டத்தைச் சந்தேகப்படுங்கள். துளைக்கும் கழுந்துக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? உளியில் கூர் இல்லை, அல்லது கோடு தடித்த பென்சிலால் போட்டது. பலகைகளை ஒட்டிய இடத்தில் கோடு விரிந்திருக்கிறதா? ஓரத்தை நேராக இழைக்கவில்லை, அல்லது கிளாம்ப் (பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கருவி) போதவில்லை. இவை எதற்கும் 50,000 ரூபாய் மெஷின் தேவையில்லை.

குறை இல்லை, ஆனால் ஒவ்வொரு பலகையையும் கையால் இழைத்தே ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடுகிறது, தோள்பட்டை வலிக்கிறது என்றால் அது வேறு கணக்கு. மெஷினுக்கு நியாயமான காரணங்கள் இரண்டே: திரும்பத் திரும்ப நேரம் போவது, இப்போதைய முறையில் ஆபத்து இருப்பது. பக்கத்துத் தெருப் பட்டறையில் இருக்கிறது என்பது காரணமே ஆகாது.

2. முதல் 5,000 ரூபாய்: பிளேடு, சாணை, மூலைமட்டம்

பிளேடு. 7¼ அங்குல சர்குலர் சாவோடு வருவது பெரும்பாலும் 24 பல் பிளேடு. இழை ஓட்டத்தோடு நீளவாக்கில் கட்டை அறுக்க அது நல்லது. பிளைவுட்டின் மேல் உள்ள மெல்லிய மரத்தோலை (வெனீர்) கிழித்துவிடும். பிளைவுட்டுக்கு 60 பல், பொதுவான வேலைக்கு 40 பல் கார்பைடு முனை பிளேடு வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் முடியும். வாங்கும்போது நடுத் துளை அளவைப் பாருங்கள்: 20, 25.4, 30 மி.மீ. என்று பலவிதம் உண்டு. மெஷினின் தகட்டில் எழுதியிருக்கும் அளவும் பிளேடின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளேடின் துளை பெரிதாக இருந்தால் அதோடு வரும் குறைப்பு வளையத்தைப் பயன்படுத்தலாம். துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கினால் மையம் விலகி பிளேடு அதிரும்.

பழைய பிளேடைத் தூக்கிப் போடாதீர்கள். பல் நடுவே பிசின் கருகி ஒட்டியிருந்தாலே மழுங்கியது போல நடிக்கும். மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அப்போதும் புகைந்தால், கார்பைடு பிளேடு சாணை பிடிக்கும் கடையில் கொடுங்கள். பல் கணக்கில் கூலி வாங்குவார்கள்.

சாணை. இருபக்க டைமண்ட் தகடு, 400 மற்றும் 1000 கிரிட் (எண் கூடக்கூட நைசு), 600 முதல் 1,500 ரூபாய். உளியைக் கோணத்தில் பிடித்து உருட்டும் சாணை வழிகாட்டி 300 முதல் 800 ரூபாய். ஒரு தோல் துண்டைக் கட்டையில் ஒட்டி, பச்சை மெருகுக் கட்டியைத் தேய்த்தால் கடைசி மெருகுக்கும் வழியாயிற்று. முதல் சரிவு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30 டிகிரி. பலரும் தவறவிடுவது உளியின் தட்டைப் பக்கத்தை. முனையிலிருந்து ஓர் அங்குலமாவது அது கண்ணாடிபோல் தட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் நேராக இறங்காது. தேக்கில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி தீட்ட வேண்டிவரும். அந்த மரத்தில் உள்ள சிலிக்கா முனையைச் சீக்கிரம் தின்றுவிடும்.

தெருக்கடை உளியே போதுமா, பிரபல கம்பெனி உளி வேண்டுமா? தீட்டிய பிறகு அரைமணி வேலையில் முனை மடங்கினாலோ பொடிந்தாலோ மட்டும் புது உளி. நான்கே அளவு போதும்: 6, 12, 18, 25 மி.மீ. பன்னிரண்டு உளி கொண்ட செட்டில் எட்டு உறையிலேயே கிடக்கும்.

மூலைமட்டம். கடையிலேயே சோதிக்கலாம். நேரான ஓரமுள்ள அட்டை அல்லது பலகையில் மட்டத்தை வைத்து மெல்லிய கோடு இழுங்கள். மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து மறுபடி இழுங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சரி. பிரிந்தால், தெரியும் இடைவெளியில் பாதிதான் மட்டத்தின் பிழை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் சோதிக்காமல் வாங்காதீர்கள். தலை நகரும் மூலைமட்டமான நல்ல காம்பினேஷன் ஸ்கொயர் 700 முதல் 1,500 ரூபாய்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. செலவை மிச்சப்படுத்த மார்பிள் கட்டரில் அல்லது ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டி அறுப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். 4 அங்குல மெஷின்கள் நிமிடத்துக்கு 11,000 முதல் 13,000 சுற்று வரை ஓடும். பிளேடில் எழுதியிருக்கும் உச்ச வேகம் அதைவிடக் குறைவாக இருந்தால் கார்பைடு முனை தெறிக்கும். கிரைண்டரில் அடித்தட்டு இல்லாததால் பிளேடு மரத்தில் சிக்கியதும் மெஷின் ஆளை நோக்கித் துள்ளும். நீங்கள் இப்படித்தான் அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் ஒரு சர்குலர் சா வாங்குங்கள்.

3. அடுத்த 10,000 முதல் 15,000: கிளாம்ப், தூசி, காது

கிளாம்ப் எத்தனை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பலகைகளை ஓரத்தோடு ஓரம் ஒட்டும்போது 15 முதல் 20 செ.மீ.க்கு ஒன்று வீதம் போட வேண்டும். 120 செ.மீ. மேசைப் பலகைக்கு ஆறு அல்லது ஏழு. மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் பலகை வில்லாக வளையாது. 24 அங்குல எஃப்-கிளாம்ப் ஒன்று 400 முதல் 900 ரூபாய். எனவே 4,000 ரூபாயை இதற்கென்று ஒதுக்குங்கள். அகலமான மேசைக்கு ஜி.ஐ. பைப்பில் மாட்டும் பைப் கிளாம்ப் மலிவாக முடியும், நீளத்தை நாமே முடிவு செய்யலாம்.

தூசிக்குச் செலவு செய்யப் பலருக்கும் மனம் வருவதில்லை. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்துவிட்டது. மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் தூளில் மரத்தோடு ஃபார்மால்டிஹைடு பிசினும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் சீவலைவிடத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலுக்குள் போகிறது. எனவே துணி மாஸ்க் உதவாது. ஐ.எஸ். 9473 முத்திரையுள்ள எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் வாங்குங்கள். 1,200 வாட் அளவில் ஒரு பட்டறை வேக்கம் 5,000 முதல் 9,000 ரூபாய். அதற்கும் மெஷினுக்கும் நடுவே மூடியுள்ள வாளியின்மேல் ஒரு சைக்ளோன் புனல் (காற்றைச் சுழற்றித் தூளை வாளிக்குள் விழவைப்பது), 1,500 ரூபாயிலிருந்து. இது இல்லாவிட்டால் வேக்கத்தின் ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொண்டு உறிஞ்சும் சக்தி போய்விடும். சர்குலர் சாவும், பள்ளமும் விளிம்பும் செதுக்கும் ரூட்டரும் 85 டெசிபெலைத் தாண்டும், ஆகவே காதுமூடியும் இதே தவணையில் வாங்க வேண்டியதே.

4. பெரிய மெஷினுக்கு முன் மின்சாரம்

இதைச் செய்யாமல் மெஷினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைத் தேடுகிறவர்கள் அதிகம். கணக்கு எளிது: வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட் டேபிள் சா சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. கூடவே 1,200 வாட் வேக்கம் ஓடினால் மொத்தம் 3,200 வாட், கிட்டத்தட்ட 14 ஆம்பியர். ஆக, விளக்கும் ஃபேனும் இருக்கும் 6 ஆம்பியர் சர்க்யூட்டில் இதைச் சொருக முடியாது. பட்டறைக்கென்று தனியாக 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், சி வகை எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த்திங் ஆகியவை வேண்டும். பி வகை எம்.சி.பி. போட்டால் மோட்டார் கிளம்பும்போது விழக்கூடும். எந்த வகை வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பயன்படுத்தினால் அதுவும் 2.5 சதுர மி.மீ. ஆக இருக்கட்டும். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் ஒயர் சூடாகி உருகும், முழுதும் பிரித்துப் போடுங்கள். கோடை மாலையில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்கும் ஊரானால் ஒரு மீட்டர் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய மோட்டாரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆவணம் என்று பார்த்தால், மின் இணைப்பில் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோவாட் என்று முதலில் பாருங்கள். ஏசி, ஹீட்டரோடு சேர்த்து அதைத் தாண்டுகிறது என்றால் கூடுதல் சுமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டில் வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவைப்படும். அவரிடம் சத்தத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிடுவது நல்லது. காசு வாங்கிக்கொண்டு ஆர்டர் செய்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வீட்டுக் கட்டண விகிதம் பொருந்துமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் மெஷினில் கவனம். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் புகைதான் மிச்சம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும், சூடாகும். பேட்டரிக் கருவி பரவாயில்லை. சார்ஜரை மட்டும் இங்கே வாங்க வேண்டியிருக்கும்.

5. இப்போது மெஷின்: பிளைவுட்டா, கட்டை மரமா?

எந்த மெஷின் முதலில் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான வரிசை கிடையாது. நீங்கள் வாங்கும் மரம்தான் முடிவு செய்யும்.

பிளைவுட் வேலைதான் அதிகம் என்றால் உங்கள் சிக்கல் 8-க்கு 4 அடி ஷீட். அதைச் சின்ன டேபிள் சா மேல் தனியாளாகத் தள்ளுவது ஆபத்து; நேராகவும் வராது. 6 மி.மீ. பிளை அடியில், 12 மி.மீ. பிளை மேலே ஒட்டி, 8 அடி நீளத்துக்கு ஒரு வழிகாட்டிப் பலகை செய்யுங்கள். மேல் பலகையை ஒட்டியபடி சர்குலர் சாவை ஒருமுறை ஓட்டினால் அடிப்பலகை பிளேடு போகும் கோட்டில் அறுபட்டு நிற்கும். அதன்பின் அந்த ஓரத்தைக் குறிக்கோட்டில் வைத்துக் கிளாம்ப் போட்டால் போதும். ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் பலகை. செலவு 1,000 ரூபாயைத் தாண்டாது. பேனல் சா (முழு ஷீட்டை நேராக அறுக்கும் பெரிய மெஷின்) வைத்திருக்கும் பிளைவுட் கடையில் வெட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துப் பெரிய துண்டுகளாக வாங்கி வருவதும் ஒரு வழி. வீட்டுக்கு ஏற்றிவரும் செலவும் குறையும்.

கட்டை மரம் என்றால் மரவாடியில் வாங்கும் பலகை பெரும்பாலும் முறுக்கோடும் சமமற்ற தடிமனோடும் வரும். அப்போது பிளேனர் ஆசை வருவது இயல்பு. ஆனால் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள்: திக்னஸ் பிளேனர் பலகையின் இரண்டு முகத்தையும் இணையாக்கும், தட்டையாக்காது. உருளைகள் முறுக்கை அமுக்கிப் பிடித்தபடி இழைக்கும். வெளியே வந்ததும் முறுக்கு திரும்பிவிடும். முதல் முகத்தை இழைப்புளியால் தட்டையாக்கிவிட்டு உள்ளே விட வேண்டும், அல்லது 18 மி.மீ. பிளைவுட் பலகைமேல் மரத்தை வைத்து, ஆடும் மூலைகளில் ஆப்பு செருகி, அப்படியே உள்ளே தள்ள வேண்டும். ஒரு நடைக்கு 1 மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். வேக்கம் குழாய் இதன் சீவலுக்குப் போதாது, 100 மி.மீ. குழாயுள்ள டஸ்ட் கலெக்டரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடிக்கும் வீட்டிலிருந்து பழைய தேக்கு வாங்குகிறவர்கள் கையடக்க மெட்டல் டிடெக்டர் இல்லாமல் பிளேனரைத் தொடக் கூடாது. உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், கத்தி முழுவதிலும் பல் விழ.

வாங்கலாமா என்பதற்கு ஒரு சின்ன வகுத்தல். பிளேனரும் டஸ்ட் கலெக்டரும் சேர்ந்து 70,000 என்று வைத்துக்கொள்வோம். இழைப்பு மெஷின் உள்ள பட்டறைக்குப் போய்வரக் கூலியும் வண்டி வாடகையும் சேர்த்து 1,000 ஆகிறது என்றால் அது 70 நடை. மாதம் ஒருமுறை போகிறவருக்கு ஆறு வருடம் ஆகும். ஒரு ஜாக் இழைப்புளி, அதாவது 14 அங்குல 5-ஆம் எண், ஜலந்தரில் தயாராவது, சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. அடிப்பக்கத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கி, கத்தியைத் தீட்டினால் சின்ன வேலைகளுக்கு அதுவே தாங்கும்.

டேபிள் சா, ஒரே அகலத்தில் நிறையச் சட்டங்கள் அறுக்கிறவருக்கு. பெயருள்ள கம்பெனியின் 10 அங்குல மெஷின் 45,000 ரூபாய்க்கு மேல். மேசை நீளத்தைவிட முக்கியம் ஃபென்ஸ், அதாவது மரத்தைச் சார்த்தித் தள்ளும் நேர்ச்சட்டம்: பூட்டியபின் பின்முனை நகர்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் கத்தி இல்லாத மெஷின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கத்தியின் தடிமன் பிளேடின் உடல் தடிமனைவிட அதிகமாகவும், அது வெட்டும் பள்ளத்தின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 2.2 மி.மீ. கத்தி உள்ள மெஷினில் 1.8 மி.மீ. பள்ளம் வெட்டும் மெல்லிய பிளேடு போட்டால் மரம் கத்தியில் முட்டி நிற்கும். உடனே கத்தியைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். மரம் பின்னோக்கி எறியப்படும் விபத்து நடப்பது அப்படித்தான்.

ரூட்டர், இரு வகையினருக்கும் பயன்படும். பெரிய மெஷினுக்கு முன் வாங்கத் தகுந்தது என்று நான் சொல்வது இதைத்தான். பள்ளம், விளிம்பு, கழுந்துத் துளை, வார்ப்பலகை வைத்து நகல் எடுப்பது எல்லாம் செய்யும். கவனிக்க வேண்டியது: 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. தண்டுள்ள பிட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். 6 மி.மீ. பிட்டை கால் அங்குலக் காலட்டில் (பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) போட்டு இறுக்கினால் இறுகியதுபோலத் தெரியும், ஓடும்போது வழுக்கி வெளியே வரும். எந்தக் காலட் என்று பார்த்து, அதே அளவில் மட்டும் பிட் வாங்குங்கள். தண்டை முழுதும் உள்ளே தள்ளி, 2 மி.மீ. வெளியே இழுத்து, பிறகு இறுக்குங்கள்.

6. பேட்டரி விஷயத்தில் ஒரே குடும்பம்

ட்ரில்லை மாற்றும்போது நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது பேட்டரியை. ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது, விலையும் வெறும் கருவியின் விலைக்குக் கிட்ட வரும். ஆகவே அடுத்து வாங்க நினைக்கும் சாண்டர், ஜிக்சா எல்லாம் அந்தக் குடும்பத்தில் உண்டா என்று பார்த்தபின் முதல் ட்ரில்லை எடுங்கள்.

20 வோல்ட் என்று எழுதியிருப்பது 18 வோல்ட்டைவிட வலுவானது என்று விற்பார்கள். இரண்டும் ஐந்து லித்தியம் செல்தான்: செல்லுக்கு 3.6 என்று கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் 4 என்று போட்டால் 20. இணையத்தில் மலிவாக வரும் 48 வி.எஃப்., 88 வி.எஃப். என்ற எழுத்துக்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமே இல்லை. தகரக் கொட்டகைச் சூட்டில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்குள் எடுத்துவந்து, ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள்.

நின்ற இடத்தில் மணிக்கணக்காக ஓடும் சாண்டர், ரூட்டர், டேபிள் சா ஆகியவற்றை ஒயரோடு வாங்குவதே லாபம்.

7. பில், வாரண்டி, போக்குவரத்து

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள். 18 சதவீதம் மிச்சம் என்று கடையில் சொல்வார்கள். மோட்டார் எரிந்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லையே. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். சில கம்பெனிகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் இணையத்தில் பதிந்தால் வாரண்டி நீளும். அந்தக் கெடு வாரண்டி அட்டையில் இருக்கும். பில் மை சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால் அன்றே படம் எடுத்துவையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி: உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே? கார்பன் பிரஷ், பெல்ட், சுவிட்ச் தனியாகக் கிடைக்குமா? 30 கிலோ மெஷினை அங்கே யார் தூக்கிப் போவது? பெரிய மெஷினுக்கு லாரி பார்சல் செலவையும் ஏற்றுகூலியையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வந்தால் இ-வே பில் வேண்டும். விற்பவர் போடுகிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பழைய மெஷின் வாங்கினால் ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். காற்றுத் துளை வழியே பார்த்தால் பிரஷ் அருகே சிறு நீலப்பொறி தெரிவது சகஜம்; வளையமாகத் தீ ஓடினால் வேண்டாம். ஒயரைப் பிடுங்கிவிட்டு பிளேடு அச்சைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது.

8. எப்போது வாங்குவது, வந்ததும் என்ன செய்வது

இணையக் கடைகளின் பண்டிகைத் தள்ளுபடி செப்டம்பர், அக்டோபரில் வரும். வார்ப்பிரும்பு மேசையுள்ள மெஷினை அப்போது வாங்கினால் உடனே வடகிழக்குப் பருவமழை. சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் ஒரே வாரத்தில் துரு பூக்கும். பெட்டியைப் பிரித்த அன்றே தையல் மெஷின் எண்ணெய் துடைத்து, மேலே மெழுகு தேய்த்துவிடுங்கள். கொட்டகை ஒழுகினால் அந்த வருடம் கூரைக்குச் செலவு செய்யுங்கள், மெஷின் அடுத்த வருடம்.

திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். ஆகவே சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடியே வைக்காதீர்கள். டேபிள் சா என்றால், ஒயரைப் பிடுங்கிவிட்டு பிளேடின் ஒரு பல்லில் மார்க்கர் புள்ளி வையுங்கள். மேசைப் பள்ளத்திலிருந்து அந்தப் பல்லுக்கு உள்ள தூரத்தை முன்பக்கம் அளந்து, பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் அளங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

குறுக்கு வெட்டுக்கு ஐந்து வெட்டுச் சோதனை. 400 மி.மீ. சதுர பிளைவுட்டை எடுத்து, இப்போது வெட்டிய ஓரத்தையே அடுத்த வெட்டுக்கு மைட்டர் கேஜில் (மேசைப் பள்ளத்தில் நகரும் கோண வழிகாட்டி) சார்த்தி, ஒரே திசையில் திருப்பி நான்கு பக்கமும் வெட்டுங்கள். ஐந்தாவதாக, முதலில் வெட்டிய பக்கத்திலிருந்து ஒரு அங்குலப் பட்டை எடுங்கள். பட்டையின் இரு முனை அகலத்தையும் வெர்னியரால் அளந்து, வித்தியாசத்தை நான்கால் வகுத்தால் ஒரு வெட்டின் பிழை. ஒரு முனை 25.4, மறுமுனை 25.0 என்றால் 0.4, நான்கால் வகுக்க, பட்டையின் நீளத்துக்கு 0.1 மி.மீ. அலமாரிக்கு அது போதும். 0.5-க்கு மேல் வந்தால் கேஜைத் திருகித் திருத்திப் பாருங்கள். திருத்த முடியாவிட்டால் கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள்.

பழைய மெஷினை அதுவரை விற்க வேண்டாம். புதியது ஒரு முழு வேலையைத் தாங்கியபின், பில் நகலோடும் ஒரு நல்ல பிளேடோடும் சேர்த்து விற்றால் கேட்ட விலை கிடைக்கும்.